டிக்கெட் எடுத்துக் கொடுத்தது ஜப்பான் சர்க்கார்!

"முழுச் செலவும் அவங்களே குடுத்துடறாங்களாமே! உனக்கென்ன, குடுத்து வச்சவ!"

என் பெரியவள் ஜப்பானுக்குப் போனதிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் எனக்கு இதே பேச்சுத்தான். நானும் சிரித்துக்கொண்டே சாம்பார் சாதத்தைப் பிசைவேன். "முழுச் செலவு" என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது என்று நான் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கையில் கிடந்த நாலு வளையல் பாங்க் லாக்கருக்குப் போய்விட்டது. அதையெல்லாம் பந்தியில் உட்கார்ந்து விவரிக்க முடியுமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். நாலு ஏக்கர் நஞ்சை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அத்தை (என் மாமியார்), இரண்டு பெண்கள். பெரியவள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி வேளாண்மையில் மேல்படிப்புப் படித்தாள். 2021 தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எத்தியோப்பியாப் பெண். நெடுநெடுவென்ற உயரம், தலை நிறையச் சின்னச் சின்னப் பின்னல். அத்தை அந்தப் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் பின்ன எத்தனை நாழி ஆச்சு ஆயி?" என்று கேட்டார். அது என்ன புரிந்துகொண்டதோ, அத்தையைக் கட்டிக்கொண்டது.

பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் படிப்பது நம் இந்திய சர்க்காரின் செலவில்! ஐ.சி.சி.ஆர். என்கிற இந்தியக் கலாசார உறவுக் கழகம் இருக்கிறதே, மௌலானா ஆசாத் 1950-ல் தொடங்கியது, அது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டி, கைச்செலவுக்கும் கொடுத்து இங்கே படிக்க வைக்கிறது.

"அட, நம்ம வரிப் பணத்துலயா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். பெரியவள் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்தப் பெண் பலமாகச் சிரித்தது. பிறகு இவளைப் பார்த்து, "என் நாட்டிலிருந்து நான் இங்கே வந்தேன். நீ ஏன் உன் நாட்டிலிருந்து எங்கேயும் போகவில்லை?" என்று கேட்டது.

கேட்டுவிட்டு அது அதிரசத்தைக் கடிக்கப் போய்விட்டது. கேள்வி மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தங்கிவிட்டது.

உபகாரச் சம்பளம்

என் அப்பா காலத்தில் ஸ்காலர்ஷிப்பை "உபகாரச் சம்பளம்" என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை இன்னமும் பிடிக்கும். ஆனால் பெரியவள் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தபோதுதான், ஒவ்வொரு நாட்டு உபகாரத்துக்கும் ஒவ்வொரு நிபந்தனை இருப்பது தெரிந்தது.

இங்கிலாந்து கொடுக்கிற செவனிங் ஒரு வருஷ முதுகலைப் படிப்புக்கு. 1983-ல் ஆரம்பித்த திட்டம். ஆனால் இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருந்தாக வேண்டும். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் அதைவிடப் பழையது, 1959-ல் முடிவான ஏற்பாடு. அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டுக்கு நம் சர்க்காரும் அவர்களும் 1950-லேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி. நம் மத்திய சர்க்காரே தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், நிலமில்லாத விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும், பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கென்று தேசிய அயல்நாட்டு உதவித்தொகை என்று ஒன்று கொடுக்கிறது. இதைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு ஜனத்துக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டியவர்கள் காதில் விழுந்தால் சரி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

பெரியவள் பிடித்துக்கொண்டது ஜப்பானை. காரணம் எங்கள் வயலிலேயே இருந்தது. நெல்லுக்குக் குலை நோய் என்று ஒன்று வரும். இலையில் கண் மாதிரி புள்ளி விழும். கதிர்க் கழுத்தில் வந்துவிட்டால் அப்படியே கறுத்து ஒடிந்துவிடும்; மணி பதராகிவிடும். அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு சம்பாவில் எங்கள் பொன்னி முக்கால்வாசி அப்படிப் போயிற்று. அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சாணத்தைப் பற்றி ஜப்பான்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ச்சி செய்கிறார்களாம். அவர்களும் அரிசி சாப்பிடுகிற ஜனம்தானே!

ஜப்பான் கல்வி அமைச்சு கொடுப்பதை அங்கே படிக்கிற பிள்ளைகள் "மெக்ஸ்ட்" என்கிறார்கள். கல்லூரிச் சம்பளம் கிடையாது. போக ஒரு டிக்கெட், படிப்பு முடிந்து திரும்ப ஒரு டிக்கெட். ஆராய்ச்சி மாணவராகப் போனால், நாங்கள் பார்த்த அறிவிப்பின்படி, மாதம் 1,43,000 யென். முதுகலையில் சேர்ந்தால் 1,44,000, டாக்டர் பட்டத்துக்கு 1,45,000. சில ஊர்களுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ யென் கூடுதல். 2024-ல் அவள் போன சமயத்து மதிப்பில் 1,43,000 யென் என்பது சுமார் 78,000 ரூபாய். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. "இத்தனை வருஷம் எங்களுக்கு வேலை செய்" என்கிற பத்திரமும் இல்லை.

ஆராய்ச்சிப் பிரிவுக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும். கல்யாணமாகிவிட்டதே என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கல்யாணமான பெண்ணும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கணவனுக்கும் குழந்தைக்கும் ஆகிற செலவு அவர்கள் பாடு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதல் வருஷம் ஜப்பானிய மொழிப் படிப்பு, பிறகு பட்டப் படிப்பு, மாதம் 1,17,000 யென்.

"சும்மா தருவானா?"

இதைக் கேட்டது என் மச்சினர், பிள்ளைகளுக்குப் பெரியப்பா. நியாயமான கேள்விதான். "நம்ம ஊருல பத்து ரூபா குடுக்கறவனே பத்துத் தடவை சொல்லிக் காட்டறான். பெத்தவங்களையும் தெரியாது, பிள்ளையையும் தெரியாது. அவன் எதுக்கும்மா லட்ச லட்சமாக் குடுக்கறான்?"

பெரியவள் சொன்ன பதில் இது. யுத்தம் முடிந்து ஒன்பதே வருஷத்தில், 1954-ல், ஜப்பான் இந்தத் திட்டத்தை ஆரம்பித்திருக்கிறது. நாடு அப்போதுதான் எழுந்து நிற்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்க வைத்தது. நாலு வருஷம் ஓர் ஊர்ச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் பிறகு அந்த ஊரைப் பற்றி நல்லதாகத்தானே பேசுவார்கள்? நாளைக்கு அவர்கள் விஞ்ஞானியாகவோ அதிகாரியாகவோ ஆனால் ஜப்பானுக்கு ஒரு சிநேகிதர் கூடின மாதிரி. "நம்ம நாடு அந்த எத்தியோப்பியாப் பொண்ணைப் படிக்க வைக்கிறதும் அதுக்குத்தான் பெரியப்பா" என்றாள்.

"அப்போ அதுலயும் கணக்கு இருக்கு. சரி, கணக்கு இருந்தா நம்பலாம்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் சர்க்காரும் பெண்களை அனுப்பியிருக்கிறது. கன்னட தேசத்துப் பெண் ராஜேஸ்வரி சட்டர்ஜி 1946-ல், சுதந்திரத்துக்கு முன்னாலேயே, வெளிநாட்டுப் படிப்புக்கு அரசாங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார். கப்பலேறி அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1953-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்து பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியையானார். கர்நாடகத்தின் முதல் பெண் எஞ்சினியர் என்று அவரைச் சொல்வார்கள். "பொம்பளைப் புள்ளையைத் தனியா அனுப்புறதா?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லி வைத்தேன். பாதிப் பேர் வாயடைத்துப் போனார்கள். மீதிப் பேர், "அது அந்தக் காலம்" என்றார்கள். எந்தக் காலமென்றால்தான் ஒத்துக்கொள்வார்களோ!

ஒன்றரை லட்சம் கேட்ட மனிதர்

இப்போது நான் ஏமாறப் பார்த்த கதை.

பக்கத்து நகரத்தில் ஓர் ஏஜென்ட். கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., சுவர் நிறைய வெளிநாட்டுக் கொடிகள். உறவுக்காரர் ஒருவர் சொல்லி, நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அந்த மனிதர் எங்களுக்குக் காபி கொடுத்து, "ஜப்பான் ஸ்காலர்ஷிப்தானே மேடம்? எம்பஸியில் நம்ம ஆள் இருக்கார். ஒன்றரை லட்சம் ஆகும். பாதி இப்போ, பாதி விசா வந்ததும்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! நான் மனசுக்குள் வளையல்களை எடை போட ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெரியவளிடம் சொன்னால், அவள் ஒன்றும் பேசாமல் அந்த எத்தியோப்பியாப் பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "நீ உன் ஸ்காலர்ஷிப்புக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தாய்?" அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. மறுபடி கேட்டாள். "கொடுப்பதா? அவர்கள்தானே எனக்குக் கொடுக்கிறார்கள்?"

நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தூதரகத்தின் மூலம் விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. விண்ணப்பத் தாள்கள் தூதரகத்து அறிவிப்பிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவிப்பு வருவது பெரும்பாலும் சித்திரை வாக்கில், ஏப்ரல் அல்லது மே. ஜப்பானியப் பல்கலைக்கழகமே சிபாரிசு செய்கிற வழி ஒன்றும் தனியாக உண்டு. இரண்டிலும் நடுவில் ஆளுக்கு வேலையே இல்லை. இதைப் படிக்கிற யாராவது ஒரு தாயார் வளையலில் கை வைத்திருந்தால், தயவு செய்து கையை எடுத்துவிடுங்கள்!

முதல் தடவை

2022-ல் முதல் தடவை விண்ணப்பித்தாள். கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம், டாக்டர் பரிசோதனைப் படிவம் எல்லாம் வேண்டும். சான்றிதழ்கள் இங்கிலீஷிலோ ஜப்பானிய மொழியிலோ இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே "என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறாய்?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில். அதுதான் உயிர் நாடி.

இவள் என்ன எழுதினாள் தெரியுமா? இந்திய நெல் விவசாயத்தையே மாற்றப் போகிறாளாம்! காலநிலை, மண், விதை, சந்தை, விவசாயி தற்கொலை, எல்லாம் அதில் இருந்தது. படித்துக் காட்டியபோது நான் பூரித்துப் போனேன். பெற்ற மனசு அப்படித்தான்.

முதல் சுற்றிலேயே போயிற்று.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சமயம் பார்த்து மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வரன். பையன் பாங்கில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு தடவை முயற்சி பண்ணியாச்சு. ஆண்டவன் இதைத்தான் விதிச்சிருக்கான் போலிருக்கு" என்றார். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஒளிப்பானேன்?

அத்தைதான் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "ஒரு போகம் பூச்சியடிச்சுதுன்னு மறுபோகம் நாத்து விடாம இருப்பியாடா நீ?"

என் வீட்டுக்காரர் ஜாதகத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். எட்டாவதோடு படிப்பு நின்றவர் அத்தை. அவருக்கு ஜப்பான் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது.

மறு வருஷத்துக்கு அவள் எழுதியது வேறு மாதிரி இருந்தது. குலை நோய்ப் பூஞ்சாணம் ஒரு குறிப்பிட்ட நெல் ரகத்தின் எதிர்ப்புச் சக்தியை எப்படி உடைக்கிறது என்று அந்த ஒன்றைப் பற்றி மட்டும். அதற்கு எந்தப் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் ஏற்றது, ஏன் ஜப்பான், திரும்பி வந்தால் இந்த அறிவு எங்கே பயன்படும், எல்லாம் இரண்டே பக்கத்தில். எனக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. புரியாததால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்!

எழுத்துத் தேர்வு இங்கிலீஷிலும் ஜப்பானிய மொழியிலும். இவள் ஆறு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அந்தக் கோழிக் கிறுக்கல் எழுத்தைப் பழகியிருந்தாள். பிறகு நேர்முகம். அதில் கேட்ட ஒரு கேள்வியை வந்து சொன்னாள். "உங்கள் ஆராய்ச்சி தோற்றுப் போனால் என்ன செய்வீர்கள்?" இவள், "போன வருஷம் இதே விண்ணப்பத்தில் தோற்றேன். திரும்ப எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்" என்றாளாம்.

முதல் சுற்றில் தேறியவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் தேங்காய் உடைத்துவிட்டேன். முடியவில்லை! தேறியதற்கு ஒரு சான்று தருகிறார்கள். அதைக் காட்டி ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிடம், "இவரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம்" என்ற கடிதத்தை நாமேதான் வாங்க வேண்டும். அதற்கும் தேதி வரையறை உண்டு. பேராசிரியரோடு முன்பே கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அப்புறம் டோக்கியோவில் அமைச்சு கடைசி முடிவு எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். மே மாதம் போட்ட விண்ணப்பத்துக்குக் கடைசிப் பதில் தை மாதம்தான் வந்தது. பிள்ளைப்பேற்றுக்குக்கூடப் பத்து மாதம்தான்!

அடங்காதது

கடிதம் வந்த அன்று ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு, நானும் அவளும் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கிடைப்பதை நூறு தடவை படித்தாயிற்று. கிடைக்காததை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தோம்.

வீட்டிலிருந்து விமான நிலையம் வரை செலவு நம்முடையது. ஜப்பானுக்குள் இறங்கி அந்த ஊர் போய்ச் சேருகிற செலவும் நம்முடையதே. வாடகை, அந்த மாத உதவிப் பணத்திலிருந்துதான். இன்னொரு வரி: முதல் சில வாரச் செலவுக்காகச் சுமார் 2,000 அமெரிக்க டாலர் கையில் கொண்டுவருவது நல்லது.

ரூபாயில் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம்!

"இலவசம்னு சொன்னீங்களேம்மா..." என்று சின்னவள் படுக்கையிலிருந்தே கேட்டாள். தூங்கவில்லை போலிருக்கிறது.

இதில் ஜப்பான்காரர் மேல் தப்பில்லை. ஒளிக்காமல் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தோம். மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் பாங்குக்குப் போய் வளையல் நாலையும் அடகு வைத்தோம். மீதிக்கு அந்த வருஷத்து நெல் பணம். ஏஜென்டுக்குப் போயிருக்க வேண்டிய வளையல் பெண்ணுக்கே போயிற்று. அதில் எனக்கு ஒரு திருப்தி. நல்ல வேளை அதைச் செய்தோம். அவள் போய் இறங்கி, அறை பிடித்து, பாங்க் கணக்குத் திறந்து, முதல் பணம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போர்வை, அரிசிக் குக்கர், பஸ் காசு எல்லாம் அந்த 2,000 டாலரில்தான்.

மூட்டை கட்டும்போது இன்னொரு கூத்து. அத்தை கறிவேப்பிலை ஒரு கட்டு ஒடித்து வைத்திருந்தார். பச்சைத் தழை எதுவானாலும் பயிர் ஆய்வுச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் போகாது. காய வைத்துப் பொடி செய்து கொடுத்தோம். மாமிசம் எந்த ரூபத்திலும் கூடாது. கறி வறுவலுக்கு ஆசைப்பட்டவள் ஒரு வழியாக எள்ளுப் பொடியோடு சமாதானமானாள்.

மருந்து விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை! டாக்டர் சீட்டில் வாங்குகிற மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நாம் சளிக்கு விழுங்குகிற சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபட்ரின் பத்து சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் அங்கே கொண்டுபோகவே கூடாது. மருந்துக் கடையில் உறையைத் திருப்பிப் படித்துத்தான் வாங்கினேன். கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அங்கே போனதும் தேசிய சுகாதார இன்ஷூரன்ஸில் சேர்ந்துவிட்டாள். அதற்குச் சந்தா உண்டு. வைத்தியச் செலவில் எழுபது சதவிகிதம் அவர்கள், முப்பது நாம். போன புதிதில் பல்வலி வந்து, அவள் அந்த முப்பதைக் கட்டிவிட்டுப் போனில் சிரித்தாள்.

2024 ஏப்ரலில் போனாள். கியூஷூ தீவில் ஃபுகுவோகா நகரம். முதல் ஆறு மாதம் மொழிப் பயிற்சி, கூடவே ஆய்வுக்கூடம். மாதா மாதம் பல்கலைக்கழக அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதப் பணம். "பால் கார்டு மாதிரிதான்மா" என்பாள். சமையல் தானே செய்துகொள்கிறாள். அவர்கள் அரிசி ஒட்டிக்கொள்கிறதாம்; எங்கள் வீட்டுப் பழைய சாதத்துக்கு ஏங்குவதாகச் சொல்வாள். மிச்சம் பிடித்து எட்டே மாதத்தில் வளையல் கடனுக்குப் பாதி அனுப்பிவிட்டாள். அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

தை பிறப்பதற்கு நாலு நாள்

ஆராய்ச்சி மாணவியாகப் போகிறவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரைதான் பணம். அதற்குள் நுழைவுத் தேர்வு எழுதி டாக்டர் பட்டப் படிப்பில் சேர்ந்தால் நீட்டிப்பு. தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். அவளுக்கு அந்தத் தேர்வு 2025 ஜனவரி பிற்பாதியில்.

அத்தை ஜனவரி பத்தாம் தேதி விடியற்காலம் போய்விட்டார். ராத்திரி நன்றாகப் பேசிக்கொண்டு படுத்தவர்.

பெரியவளை வளர்த்தது அத்தைதான். நான் நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் நிற்பேன். குழந்தை அவர் மடியில் கிடக்கும். "அப்பாயி" என்றால் அவளுக்கு அவ்வளவு உயிர். போனில் சொன்னபோது முதலில் சத்தமே இல்லை. அப்புறம், "நான் வர்றேம்மா. டிக்கெட் பாக்கறேன்" என்றாள்.

நடுவில் ஊருக்கு வந்து போக ஸ்காலர்ஷிப்பில் டிக்கெட் கிடையாது. வருவதானால் சொந்தக் காசு, பல்கலைக்கழகத்தின் அனுமதி. ஒரு முழு மாதம் வெளியே இருந்துவிட்டால் அந்த மாதப் பணமும் இல்லை. இவளுக்கு அது பிரச்னை இல்லை. நாலு நாளில் திரும்பிவிடலாம். காசும் எப்படியாவது புரட்டியிருக்கலாம். ஆனால் வந்து, அழுது, காரியம் பார்த்து, திரும்பிப் போய் அடுத்த வாரம் தேர்வு எழுத முடியுமா? அவள் வந்து சேருவதற்குள் எடுத்தும்விடுவார்கள்.

என் வீட்டுக்காரர், "வரச் சொல்லு. புள்ளை மனசு ஆறாது" என்றார். நான், "வராதே" என்றேன்.

இரண்டு பேரும் அத்தையின் தலைமாட்டிலேயே நின்று சண்டை போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் போனை வாங்கி நானே சொன்னேன். "நீ வந்தா அப்பாயி முகத்தைப் பாக்க முடியாது. பரீட்சையை எழுது." அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சின்னவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வாசல் வரைக்கும், தெருமுனை வரைக்கும் அவள் அங்கிருந்து பார்த்தாள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

தேர்வு எழுதினாள். தேறினாள். 2025 ஏப்ரலில் டாக்டர் பட்டத்தில் சேர்ந்தாள்.

நான் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில ராத்திரி சரி என்று படுகிறது. சில ராத்திரி தூக்கம் வருவதில்லை. பந்தியில் "குடுத்து வச்சவ" என்று சொல்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

அந்த ஆகஸ்டில் சேர்த்து வைத்த பணத்தில் டிக்கெட் எடுத்துப் பத்து நாள் வந்தாள். வந்ததும் திண்ணையில் அத்தை உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். "கோபமா?" என்று கேட்டேன். "அப்போ இருந்துச்சு" என்றாள். சாயங்காலம் அப்பாவோடு வயலுக்குப் போய், குறுவைப் பயிரில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று இலை இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அத்தையின் சுருக்குப் பையைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் அவள் அம்மாவோடு வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை, அது நிறைய மார்க் ஷீட். "அக்கா, எவ்வளவு குடுப்பாங்க?" என்று அம்மாக்காரி கேட்டாள். பெரியவளின் பழைய நோட்டை எடுத்து வந்து, "உட்காரு, அதை அப்புறம் சொல்றேன்" என்று 2,000 டாலர் என்று எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன்.